பாஞ்சாலியின் புருவம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஊரிகம் லைனில் ராஜப்பாவைப் போல் ஒரு பீற்றல்காரன் முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. இதைச் சொல்லுவது அவன் கட்டிய மனைவி ஜெயம்மாவேதான். மின்சார விளக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ராஜப்பா பகலெல்லாம் சுரங்கத்துக்குள் கல் வண்டி தள்ளுவான். திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால் போதும், ஐயா கூத்தில் பாஞ்சாலி ஆகிவிடுவார். வேஷம் என்னவோ ராத்திரியில்தான். வீட்டில் மாசம் முழுக்க மகாராணி அதிகாரம். களியில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும்.

அதையெல்லாம் ஜெயம்மா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. அவளுக்கு மேல் இமை கொஞ்சம் சரிந்து பாதிக் கண்ணை மூடியிருக்கும். கல்யாணமான மறுநாளே அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டான். வீட்டில் மட்டுமா? தண்ணீர்த் தொட்டியடியில் நாலு பேர் நடுவிலும் அப்படித்தான் கூப்பிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், அவன் கண்ணும் அதே கண். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் கூடப் பிறந்தவர்கள் என்பார்கள். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. கண்ணாடியைக் கையில் எடுத்ததுமே அந்த மனிதன் புருவத்தைப் பாதி நெற்றிக்குத் தூக்கிக்கொள்வான். இமையும் கூடவே மேலே போய்க் கண் பெரிசாகிவிடும். அதுதான் தன் முகம் என்று நம்பி, அதற்கே மை தீட்டுவான். சபைக்கு வந்து புருவம் இறங்கியதும், தீட்டியது மொத்தமும் மடிப்புக்குள் போய்விடும். வேர்வை வேறு சேர்ந்து கண்ணைச் சுற்றிலும் அப்பிக்கொள்ளும்.

போன வருஷம் சபதக் கட்டத்தில் அவன் கண்ணை உருட்டினான். பாஞ்சாலியை யாரோ கண்ணிலேயே குத்திவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தன் சொல்ல, சாமி வந்து ஆட வேண்டிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேஷம் முனிரத்தினத்துக்குத்தான் என்று கூத்து வாத்தியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். முனிரத்தினத்துக்கு நல்ல பெரிய கண். ராஜப்பா விளக்கெண்ணெயைத் திட்டினான், விளக்குக் கரியைத் திட்டினான், தீவட்டிக்காரனைத் திட்டினான். தன் கண்ணை மட்டும் விட்டுவிட்டான்.

இதற்கு வழி ஜெயம்மாவுக்குத் தெரியும். இந்தக் கண்ணுக்குத்தானே அவள் தினமும் மை போடுகிறாள்? புருவத்தைத் தளரவிட்டு, நேரே பார்த்து, கண் திறந்திருக்கும்போதே கோடு இழுக்க வேண்டும். மடிப்பு விழும் இடத்துக்கு மேலே அது தெரிய வேண்டும். இமையோரத்தில் நூல் மாதிரி இருந்தால் போதும். வெளி ஓரத்தில் மட்டும் தடிப்பாக இழுத்துக் காதுப் பக்கம் தூக்கிவிட வேண்டும். கண்ணை மூடினால் கோணல்மாணலாகத்தான் இருக்கும். திறந்தால் பார்க்கலாம் அழகை. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வந்து கேட்கட்டுமே என்று இருந்தாள்.

இந்த வருஷம், பாஞ்சாலி கல்யாணம் நடக்கும் வில்வளைப்புக் கூத்தன்று சாயங்காலம் கேட்டும்விட்டான். கூத்துக்காரர்களின் வேஷப் பெட்டியைப் பெண்கள் தொடக்கூடாது என்பது வழக்கம். அதனால், கொட்டகையில் நெரிசல் என்று சாக்குச் சொல்லி, அரிதாரத்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"உன் கண்ணுல மட்டும் மை நிக்குதே, இன்னாடி பண்றே?" என்று தட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உங்க கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான்னு ஒருவாட்டி சொல்லுங்க. போட்டு உடறேன்."

வேஷம் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். அரிதாரத்துக்குள் அந்த முகம் பட்ட பாட்டை ஜெயம்மா ஆசை தீரப் பார்த்தாள். கடைசியில் மென்று விழுங்கிச் சொல்லித் தொலைத்தான். புருவத்தை இறக்கச் சொல்லி, தன் மைச் சிமிழை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பாஞ்சாலி சபைக்கு வந்ததும் கூட்டம் கும்பிட்டது. வாத்தியாரே தலையை ஆட்டினார். வெட்கக்கேடு, ஜெயம்மாவுக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. இனிமேலாவது மனிதனாக இருப்பான் என்று நினைத்தாள்.

விடிந்ததும் தண்ணீர்த் தொட்டியடியில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா, மை போட்டுவிட்டது ஜெயம்மாவா என்று அவனையே கேட்டாள்.

"நானே கண்டுபுடிச்சது. இந்தத் தூங்குமூஞ்சிக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தான். ஜெயம்மா குடத்தோடு அங்கேயேதான் நின்றிருந்தாள். நாய் வாலை எவ்வளவு நேரம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பது என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று துகில் கூத்து. சபதம் வருவது அதில்தான். சாயங்காலம் வெட்கமில்லாமல் மறுபடி முகத்தை நீட்டினான். ஜெயம்மா சிமிழைத் திறந்தாள்.

"புருவத்தைத் தூக்குங்க."

"நேத்து எறக்கச் சொன்னியே?"

"நேத்து கல்யாணப் பொண்ணு, அடக்கமா இருக்கணும். இன்னிக்கு சபதம். மகாராணிக்குப் புருவம் மேலதானே இருக்கணும்?"

மகாராணி என்றதும் ஆள் குளிர்ந்துபோனான். பாதி நெற்றிக்குத் தூக்கினான். அவளும் கஞ்சத்தனம் பார்க்காமல் இமை நிறையத் தீட்டினாள். கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். இத்தனை வருஷமாகத் தன்னுடையது என்று அவன் நம்பியிருந்த கண் அதில் தெரிந்தது. முனிரத்தினம் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டால் தலையை மூடிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினான்.

ஜெயம்மா கையைக் கழுவிக்கொண்டு, கிருஷ்ணம்மாவையும் கூட்டிக்கொண்டு, சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து முனிரத்தினம்தான் பாஞ்சாலி. ராஜப்பா தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றினான். தூங்குமூஞ்சி என்று அதன் பிறகு அவன் யாரையும் கூப்பிட்டதில்லை. லைனே அவனைத்தான் அப்படிக் கூப்பிட்டது.