ஒரு சம்பலுக்காகக் கருகின இன்வேர்ட்டர்

எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வெள்ளத்தால் சித்தாண்டியில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மகன் டிராக்டர் பெட்டரியில் சின்ன இன்வேர்ட்டர் ஒன்றைப் பூட்டித் தந்தான். அயலவர்கள் போன் சார்ஜ் பண்ண வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு ராசம்மா ஓடிவந்தாள். "கட்டார்ல மகளுக்கு வலி தொடங்கிற்றாம் கா. போன் செத்துப்போச்சு."

"செருகு கா. சம்பலும் சோறும் தின்னலாம்," என்று துருவின தேங்காய்ப்பூவைக் கிரைண்டரில் போட்டு, அதே இன்வேர்ட்டரில் செருகினேன். ஒரு சுற்றுத்தான். கருகின மணம் வந்தது, எல்லாம் நின்றுவிட்டது.

மகன் வந்து பார்த்தான். "பெட்டரிக் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி அம்மா இது. சின்னது, போனுக்கு மட்டும்தான் காணும். கிரைண்டர் சுத்தத் தொடங்கக்குள்ள பல மடங்கு கரண்ட் இழுக்கும்."

பேரன் பிறந்ததை ராசம்மா மறுநாள்தான் அறிந்தாள். "அம்மாட்டக் கதைக்கணும் எண்டு அழுதாளாம் கா," என்றாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

புதிய இன்வேர்ட்டரை, செருகும் சாமான்களின் வாட் கணக்கைக் கூட்டி, அதைவிடக் கூடினதாகவே வாங்கினோம். அப்படியும் சம்பலை அம்மியில்தான் அரைக்கிறேன். கரண்ட் போனால், ராசம்மாவின் போனை நானே போய் வாங்கிவந்து முதலில் செருகுகிறேன்.