விற்காமல் கிடக்கும் கம்ப்ரசர்

எங்கள் பழைய கம்ப்ரசரை வாங்க வந்தவர் காற்று வரும் ஓஸின் முனையைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்துப் பார்த்தார். டயருக்குக் காற்றடிக்கவும் நட்டு கழற்றவும் பதினான்கு வருடம் நாங்கள் வைத்திருந்த மெஷின் அது. அந்தக் காற்றை ஒரு மனிதர் வாயால் இழுத்துப் பார்ப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெருமையாக அதை விற்கக் கிளம்பினேன் என்பது தெரிந்தால்தான் என் கதி புரியும்.

சாயர்புரத்திலிருந்து ஏரல் போகும் வழியில் எங்களுக்கு வாழைத்தோட்டம். இரண்டு டிராக்டர், ஒரு ரோட்டவேட்டர், ஒரு டிரெய்லர். தோட்டத்து முகப்பில் தகரக் கொட்டகை போட்டு அதையே ஒர்க் ஷாப்பாக்கி வைத்திருக்கிறோம். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர், கழற்றி மாட்டுவது நான். கல்யாணமாகி வந்த புதிதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத்தான் பக்கத்தில் நின்றேன். அவர் அவசரத்தில் நட்டைக் கோணலாக ஏற்றி மரையைக் கெடுப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன், அதோடு சரி. சுற்றுவட்டாரத்தில் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. ஆனால் ரோட்டவேட்டர் பிளேடு மாற்ற வேண்டுமென்றால் கேலி செய்த வாயோடு என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் அந்த உப்புக் காற்று எப்படியோ வந்து எல்லா போல்ட்டையும் தின்றுவிடும். கையால் கழற்றுகிற கதையே இல்லை, காற்றழுத்தத்தில் நட்டு கழற்றும் ஏர் கன் வேண்டும். ஏர் கன்னுக்குக் கம்ப்ரசர் வேண்டும், கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும். சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். ஓஸும் கொட்டகை வாசல் வரைக்கும்தான் வரும். போன மழைக்குப் பிறகு டிராக்டர் நடுத்தோட்டத்தில் டயர் பஞ்சராகி உட்கார்ந்தது. நட்டு கழற்றும் எல்-ராடில் இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் என் வீட்டுக்காரர் ஏறிக் குதித்தார். நட்டு அசையவில்லை, குழாய் நழுவி அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது. ஒரு வாரம் நொண்டினார். பேட்டரியில் ஓடும் கன் வாங்கலாம் என்றேன் நான். அவர் நொண்டிக்கொண்டே ஏர் கன்னுக்கு வக்காலத்து வாங்கினார்.

"ஏளா, பேட்டரின்னா ரெண்டு வருசத்துல செத்துப் போயிரும். காத்து சாவுமா?"

"காத்து சாவாது. வாசலத் தாண்டி வரவும் செய்யாது. நீங்க டிராக்டரத் தூக்கிட்டு வந்து கொட்டகையில வச்சிருவியளா?"

இந்தச் சண்டை பத்துப் பதினைந்து நாள் ஓடியது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏர் கன் எடை குறைவு, சூட்டைப் பற்றிக் கவலையில்லை, நாள் முழுக்க அடித்தாலும் களைக்காது. பேட்டரி கன் கனம், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனிக்குச் சேராது, வெயிலில் போட்டால் கெட்டுவிடும். எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் தோட்டத்துக்கு நடுவில் வேலை கிடக்கும்போது கொட்டகைக்குள் கிடக்கிற காற்றால் எனக்கு என்ன பிரயோஜனம்?

கடைசியில் தூத்துக்குடிக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பதில் சொன்னார். மூன்று கேள்வி வரை இவர் பொறுத்தார். பிறகு, "நட்டு கழட்டுதது இவதான் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் தெரியாது, அங்கன பாத்துச் சொல்லுங்க" என்றார். இப்படி ஒரு ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? அண்ணாச்சி ஒரு துருப்பிடித்த லாரிச் சக்கர ஹப்பைக் காட்டி, பேட்டரி கன்னை என் கையில் கொடுத்தார். விசையை அழுத்தினேன். இரண்டு நொடி தடதடவென்று அதிர்ந்தது, நட்டு சுழன்று கீழே விழுந்தது. அரைநாள் வேலை அது. நான் அப்படியே நின்றேன். இத்தனை வருடம் குழாய் மேல் ஏறிக் குதித்த எங்கள் இருவரையும் நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வாங்கிவிட்டோம். அடுத்த வாரமே கம்ப்ரசரைப் படமெடுத்து, விற்பனைக்கு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டயருக்குக் காற்றடிக்கச் சின்னது ஒன்று போதும், இந்தப் பெரியது இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்பது என் கணக்கு.

மறுநாள் காலையில் அந்த மனிதர் ஒரு லோடு வண்டியோடு வந்துவிட்டார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, வெயிலில் வெளுத்த தலைமுடி. கடற்கரை ஊர்க்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது. பஞ்சர் கடை வைக்கப் போகிறார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

"மோட்டார் மூணு ஹெச்பி. போன வருசந்தான் காயில் கட்டுனது" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"மோட்டார் வேண்டாம் அண்ணாச்சி. அதக் கழட்டி நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்குக் காத்த அமுக்குத ஹெட்டும் டேங்கும் போதும். போட் இஞ்சின்ல பெல்ட்டு போட்டு ஓட்டிக்கிடுவேன்."

போட்டில் எதற்குக் கம்ப்ரசர் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். டேங்க் நிறைந்ததும் ஓஸிலிருந்து கன்னைக் கழற்றினார். முனையைத் துடைத்தார். வால்வை லேசாகத் திறந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஓஸை வாயில் கவ்வி நாலைந்து மூச்சு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, மாம்பழம் வாங்குகிறவர் முகர்ந்து பார்ப்பதைப் போல.

"கொஞ்சம் எண்ண வாட அடிக்கி. அது பழகிரும்" என்றார்.

நான் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினேன். "என்ன காரியம் செய்யுதிய?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சங்கு குளிக்கதுக்குத்தான் அக்கா. போட்டுல இது ஓடும். ஓஸ இடுப்புல ஒரு சுத்து சுத்திக்கிட்டு, முனைய வாயில கடிச்சிக்கிட்டு எறங்கிருவோம். எட்டு பாகம், பத்து பாகம். ஒரு மணி நேரங்கூடக் கெடப்போம்."

ஒரு பாகம் ஆறு அடி. அறுபது அடித் தண்ணீருக்கு அடியில் ஒரு மனிதர், வாயில் என் ஓஸ். சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நான் நிறுத்திக்கொண்டவள். இதே மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, என் இரண்டு பிள்ளைகளுக்கும் சங்கில்தான் பால் புகட்டினேன். அந்தச் சங்கு எப்படி மேலே வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

ஏனென்றால் அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இதுல என்ன ஆயில் கெடக்குன்னு தெரியுமா?" என்றேன். "டிராக்டர் இஞ்சின்லருந்து வடிச்ச கறுப்பு ஆயில். நல்ல ஆயில எதுக்கு இதுல ஊத்தணும்னு நாந்தான் ஊத்துனேன். நட்டு கழட்டத்தான, போதும்னு ஊத்துனேன். அந்தப் பொகைதான் நீங்க இப்ப இழுத்தது."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அது எனக்கு எரிச்சலாக வந்தது. நான் சொல்வது இவர் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்து, டேங்குக்கு அடியில் குனிந்து திருகைத் திறந்துவிட்டேன். பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு தரையில் அடித்தது. துருவும் எண்ணெயுமாக ஒரு திட்டு பரவியது.

"பாருங்க. காத்த அமுக்குனா அதுல உள்ள ஈரமெல்லாம் தண்ணியா அடியில எறங்கிரும். தெனமும் காலையில தொறந்து விடணும். நா நேத்துத்தான் தொறந்து விட்டேன், அதுக்குள்ள இம்புட்டு."

இப்போது அவர் குந்தி உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை, திருகைத்தான் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க டேங்குலயும் இது இருக்குமோ?"

"எல்லா டேங்குலயும் இருக்கும். நீங்க தொறந்து விடுததில்லையா?"

"இப்பிடி ஒண்ணு இருக்குன்னே தெரியாதே அக்கா. ஏழு வருசமா அதுலதான் எறங்குதேன்."

என் வீட்டுக்காரர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏழு வருடம். நான் வாயைத் திறப்பதற்குள் வந்தவர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்துவிட்டார். பழைய மெஷினில் ஹெட் தட்டுகிறது என்று அதைக் கரையேற்றி வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறார்களாம். ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"என்ன, மெசினு வாங்கியாச்சா?"

"அது கெடக்கட்டும். நம்ம டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்கும். பிளையர் வச்சித் தொறந்து பாரு."

கொஞ்ச நேரம் இரும்பு உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் துருவைத் திட்டினாள், பிளையரைத் திட்டினாள், இவரையும் ஒரு தரம் திட்டினாள். பிறகு, "வருது" என்றாள். நாங்கள் மூவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிக்காம வருது. வாளி வைக்கட்டுமா?"

"என்ன நெறம்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அது யாரு?"

"மெசினு விக்கிற அக்கா. சொல்லு."

"கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. நாத்தம் வேற. வாளி நெறஞ்சிரும் போலயே." பிறகு வேறு குரலில் கேட்டாள். "ஏங்க, இதுலயா நீங்க மூச்சு விடுதிய?"

அவர் இணைப்பைத் துண்டித்தார். திரை அணைந்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி என்னைக் கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவள் முற்றத்தில் பிளையரோடு குந்தியிருப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. நான் அழுதுவிடுவேன் என்று பட்டது, அதனால் வேண்டுமென்றே கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"இப்பச் சொல்லுங்கக்கா. எங்களுதுக்கு ஒங்க மெசினு எவ்வளவோ சுத்தம். குடுப்பியளா, மாட்டியளா?"

மெஷினைத் தர முடியாது என்று அவரிடம் நிரூபிக்கத்தான் இத்தனையும் செய்து காட்டினேன். நான் காட்டிய ஒவ்வொன்றும் தர வேண்டும் என்று அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டேங்கக் கழுவி, நல்ல ஆயில் மாத்திக் குடுத்திருவோமாளா?" என்றார் என் வீட்டுக்காரர்.

கழுவலாம். ஆயில் மாற்றலாம். ஆனாலும் அது மூச்சு விடுவதற்கென்று செய்த மெஷின் இல்லை. பதினான்கு வருடக் கரி அதன் ஹெட்டில் இருக்கிறது. வால்வு எப்போது மாட்டிக்கொள்ளும் என்று எனக்கே தெரியாது. இங்கே ஒர்க் ஷாப்பில் அது நின்றுபோனால் நான் திட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். பத்து பாகத்தில் அவர் என்ன செய்வார்?

"இல்ல. குடுக்க மாட்டேன்" என்றேன். "மூச்சு விடுததுக்குன்னே செஞ்ச மெசினு இருக்கும், அதப் பாத்து வாங்குங்க."

சொல்லும்போதே என் பேச்சு எனக்கே கேவலமாக இருந்தது. அவர் லேசாகச் சிரித்தார்.

"அதுக்கு வழியிருந்தா நா எதுக்கு இங்கன வாரேன்?"

"அப்ப நாளைக்கு எறங்காதிய."

"சீசன் அக்கா இது. ஹெட்டு தட்டுனாலும் ஓடத்தான செய்யிது. தண்ணிய வேணும்னா தெனம் தொறந்து விட்டுக்கிடுதேன். அதச் சொன்னதுக்கு ஒங்களுக்குப் புண்ணியம்."

கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மெஷினைக் கட்டுவதற்குக் கொண்டுவந்த கயிறு பின்னால் சும்மா கிடந்தது. வண்டி ரோட்டில் ஏறி மறைந்த பிறகு என் வீட்டுக்காரர், "நீ செஞ்சது சரிதானாளா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. காலை டிபனுக்கு இவ்வளவு நேரமாகிவிட்டதே, தெரியவில்லையா என்று கத்தினேன். பதில் தெரியாதவள் வேறு என்ன செய்வாள்.

நான் கொடுத்திருந்தால் ஏதாவது நடந்தபோது என் மெஷின் என்றாகியிருக்கும். கொடுக்காததால் அது அவர் மெஷின். அன்றைக்கு நான் அவரைக் காப்பாற்ற நினைத்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் தண்ணீருக்குள் போவதை நான் தடுக்கவில்லை. இதைவிட மோசமான ஒன்றோடு அனுப்பிவைத்தேன்.

மூன்று மாதமாகிறது. கம்ப்ரசர் கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வேறு யாராவது விலை கேட்டால் விற்றாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. எத்தனையோ தரம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் அடித்ததில்லை. அவர் எடுத்தால் பேசிவிடுவேன். அவர் மனைவி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.