மானுக்குப் பக்கத்தில் நிற்பவள்

தாம்பரத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று, சுற்றிலும் புதர்க்காட்டோடு இருக்கிறது. அதை மக்கள் பார்வைக்குத் திறக்கப்போகிறோம், அங்கே உலவும் புள்ளிமான், கீரி, உடும்பு பற்றிப் படம் போட்ட தகவல் பலகைகள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வரைவதுதான் என் பிழைப்பு. கீழ்க்கட்டளை ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்து மழைக்காலம் முழுக்க வரைந்தேன். சில நாள் பால் பாக்கெட் போடுபவரைத் தவிர ஒருவரோடும் பேசியிருக்க மாட்டேன்.

இந்த மாதிரிப் பலகைகளில் விலங்குக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்துவது வழக்கம். அதை வைத்துத்தான் விலங்கு எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குப் புரியும். எல்லாரும் ஏதாவது ஒரு ஆண் உருவத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். நான் என் மனைவியை நிறுத்துவேன். கோவிலம்பாக்கத்தில் டீச்சர் வேலை பார்த்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவளை, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் சுவரோரம் நிற்கச் சொன்னேன். "சீக்கிரம் வரைங்க, பசி உயிர் போகுது" என்றாள். தோள் பையை இறக்கவில்லை. அந்த உருவத்தையே அதற்கப்புறம் எல்லா வேலைக்கும் வைத்துக்கொண்டேன். போன வருஷம் அவள் போய்விட்டாள். ஹாலில் மாலை போட்ட போட்டோவை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை. வேலை செய்யும்போதுதான் அவளோடு இருப்பதுபோல் இருக்கும்.

பங்களா நிர்வாகத்து இளைஞர் படங்களைப் பார்த்தார். மான் பிரமாதம் என்றார். அப்புறம் அவள்மேல் விரலை வைத்தார்.

"இவங்க யாரு சார், காட்டுக்குள்ள ஹேண்ட்பேக்கோட? நார்மலா ஒரு ஆள் போட்டுடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. "வேலைக்குப் போறவ பையோடதான் இருப்பா தம்பி. மான் ஒண்ணும் கோவிச்சுக்காது."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ பேக்கை மட்டும் எடுத்துடுங்க சார். கமிட்டில ஒத்துக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து பையை அழித்தேன். பைக்குள் இருந்த பரீட்சைப் பேப்பர் கனத்தில் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பை போனதும் அந்தச் சாய்வுக்கு அர்த்தமே இல்லை. நிமிர்த்தி வைத்தேன். அவ்வளவுதான், யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள். இன்னும் எத்தனை தடவைதான் இவளை அனுப்பிவைப்பது என்று உட்கார்ந்து அழுதேன். பிறகு பையைத் திரும்பப் போட்டுவிட்டு அவருக்கு போன் செய்தேன்.

"அது என் வொய்ஃப் தம்பி. இப்போ இல்ல. அவ இப்படித்தான் நிப்பா. வேணாம்னா மானையும் சேர்த்து விட்டுடுங்க."

"அப்படியே இருக்கட்டும் சார். நான் பேசிக்கறேன்" என்றார். சொன்னபடி பேசியும் இருக்கிறார்.

திறந்த அன்று போனேன். மான் பலகையை மட்டும் நிஜ அளவிலேயே செய்திருந்தோம். கூட்டம் நகரும்வரை காத்திருந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். உயிரோடு இருந்தபோது அவள் தலை என் காதுவரை வரும். அங்கேயும் சரியாக வந்தது. சாப்பிட்டாச்சு என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவள் கணவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? மானோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

ஒதுங்கி நின்றேன். அவர்கள் எடுத்து முடிக்க ரொம்ப நேரமானது.