ஒன்பது ஊசிகள்

ஜூன் மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் திறக்கும்போதே எனக்குக் கிறிஸ்துமஸ் வேலையும் தொடங்கிவிடும். எங்கள் ஊரான திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு தையல்காரர்கள் வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளை எனக்காகப் பையில் கட்டி வைத்திருப்பார்கள். அவற்றைச் சதுரமாக நறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, அடியில் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன பழைய வேட்டியைக் கொடுத்து, மூன்றும் ஒன்றாகும்படி கையாலேயே சின்னச் சின்னதாகத் தையல் ஓட்டுவேன். குவில்ட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒட்டுப்போர்வை. ஊரடங்கு நாட்களில் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டிசம்பர் பிறக்கும்போது நான்கைந்து போர்வைகளும் தலையணை உறைகளும் துணி நட்சத்திரங்களும் சேர்ந்திருக்கும். கடையில் வாங்கிய பொருளை நான் யாருக்கும் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பையன். அக்கா வீடு விழுப்புரத்தில். பிரசவத்துக்கு வந்தவள் தாய்வீட்டிலேயே இருந்தாள். அவனுக்கென்று சின்னதாக ஒரு போர்வை தைத்தேன். எந்தப் போர்வைக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துத் துணி பொறுக்கியதில்லை. வெள்ளையும் இளமஞ்சளும் வெளிர்நீலமும் மட்டும். ஒரு சனிக்கிழமை மாலை முடித்து, மறுநாள் ஆராதனை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அங்கேயே கட்டிலில் விரித்துக் குழந்தையை அதன்மேல் கிடத்தினாள். அவன் கால்களை உதைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நானும் என் கணவரும் சென்னைக்குப் போனோம். அரையாண்டு விடுமுறை விட்டதும் ஒரு நாள் சென்னை போவது எங்கள் வழக்கம். பாரிமுனையில் நூல், லேஸ், ஊசி வாங்குவோம். ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிடுவோம். கடைகளில் தொங்கும் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, கேக் வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புவோம். அவருக்கு ஜெராக்ஸ் கடை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்காகக் கடையை அடைப்பார்.

பாரிமுனையில் ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் பொத்தானும் ஜரிகையும் விற்கிற கடைகள். பண்டிகைக் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. வழக்கமான கடையில் ஊசி கேட்டேன். என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார். போர்வைக்கு நான் வைத்திருப்பது குட்டையான, மெல்லிய ஊசிகள். காட்டினால் தெரியும் என்று கைப்பையிலிருந்து என் ஊசி டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தேன். கை தானாகவே எண்ணியது. ஒன்பது.

மறுபடி எண்ணினேன். டப்பாவைத் தட்டினேன். ஒன்பதுதான்.

ஒவ்வொரு போர்வையையும் முடிக்கும்போது ஊசிகளை எண்ணிப் பத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடைசி முடிச்சைப் போடுவேன். அந்தச் சனிக்கிழமை எண்ணினேனா என்று யோசித்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரு ஓரம் மட்டும் மூட வேண்டியிருந்த நேரத்தில் சபையிலிருந்து கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்துவிட்டார்கள். கையிலிருந்த ஊசியைத் திறந்திருந்த ஓரத்தில் குத்திவைத்துவிட்டு எழுந்துபோனேன். பாட்டு, ஜெபம், எல்லோருக்கும் டீ. அவர்கள் போன பிறகு வந்து உட்கார்ந்து, டப்பாவிலிருந்து வேறு ஊசியை எடுத்து நூல் கோத்து, மிச்சத்தை மூடினேன். குத்திவைத்த ஊசியை எடுத்த நினைவு எனக்கு இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

கடைக்காரர் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. அந்த ஊசி பஞ்சுக்குள் போயிருந்தால் வெளியே தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. குழந்தை நெளிய நெளிய அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை, எது குத்தினாலும் அழ மட்டும்தான் தெரியும். பசிக்கு அழுகிறான் என்று எடுத்துப் பால் கொடுத்துவிட்டு மறுபடி அதன்மேலேயே போடுவார்கள். ஊசி உடம்புக்குள் போனால் ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்கு வந்துவிடும் என்று சின்ன வயதில் கேட்டது வேறு ஞாபகத்துக்கு வந்தது.

கூட்டத்தை விட்டு வெளியே வந்து அக்கா மகளுக்குப் போன் செய்தேன். மெதுவான குரலில் பேசினாள்.

"அதும்மேலதான் தூங்கிக்கினு இருக்கான் சித்தி. அத விட்டா வேற எதுலயும் படுக்க மாட்டேன்றான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதை இன்றுவரை என்னால் யாரிடமும் சரியாக விளக்க முடிந்ததில்லை. போர்வையை எடுத்துவிடு, ஒரு நீலத் துணி சாயம் போகிற துணியாம், தையல்காரர் இப்போதுதான் சொன்னார் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நேற்றே ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டாளாம், கொஞ்சம்கூடச் சாயம் போகவில்லையாம். பிறகு துவைத்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

என் கணவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"வெக்கம் பெருசா, புள்ள பெருசா? இப்பவே போனப் போட்டு உண்மையச் சொல்லு" என்றார்.

இந்த முறை அக்கா எடுத்தாள்.

"அக்கா, புள்ளைய மொதல்ல தூக்கு. போர்வைக்குள்ள ஊசி ஒண்ணு மாட்டிக்கினு இருக்குதுன்னு நெனைக்கிறேன்."

அக்கா ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்து குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கத்தில் சட்டென்று தூக்கினால் எந்தக் குழந்தையும் அப்படித்தான் அழும். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது. போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

கடற்கரை ஸ்டேஷனுக்கு வந்து மின்சார ரயில் பிடித்தோம். வாங்கிய எதுவும் கையில் இல்லை. என் ஊசி டப்பாவைக்கூட அவர்தான் கடையிலிருந்து பொறுக்கி எடுத்து வந்திருந்தார். ரயில் தாம்பரத்தைத் தாண்டும்போது அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தொடையில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது, ஆட்டோவில் டாக்டரிடம் போகிறோம் என்று. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. போனை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கம் போய், விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். முன்சீட்டில் ஒரு அம்மா மடியில் கைக்குழந்தையை வைத்திருந்தாள். அது அழுதபோதெல்லாம் அதன் கீழே என்ன விரித்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். செங்கல்பட்டு டோல்கேட்டில் பஸ் நின்றது நின்றதுதான். லீவுக்கு ஊருக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்றன. ஜெபம் பண்ணப் பார்த்தேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஏழு வருடம் அவள் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். பாதி நாட்கள் கூடப் போனவளே நான்தான். அந்தப் பிள்ளைக்கு என் கையால் ஒன்று நேர்ந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. அவனைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்திலும் என்னைப் பற்றியே நினைக்கிறேனே என்று அதற்கும் பயமாக இருந்தது.

மேல்மருவத்தூர் தாண்டியதும் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார். "ம்", "ம்" என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தார்.

"கொசுக்கடியாம். டாக்டரு துணியெல்லாம் அவுத்துட்டு உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்துட்டாராம். ஒண்ணும் இல்லையாம்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொசுக்கடி என்று எப்படித் தெரியும், ஊசி குத்தியும் அப்படித்தானே இருக்கும், உள்ளே போயிருந்தால் வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன். திண்டிவனம் வந்தது. அவர் இறங்கவில்லை. கூட்டேரிப்பட்டில் நின்றபோது தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. ஊசி கைக்குக் கிடைத்தால்தான் அது அவன் உடம்பில் இல்லை என்று நான் நம்புவேன்.

அக்கா வீட்டுக்குப் போகும்போது மணி நாலரை இருக்கும். போர்வையை வெளிவராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் போட்டிருந்தார்கள். ஏதோ கடிக்கிற பிராணியைப் போல அதைவிட்டு எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். அக்கா என்னிடம் "வா" என்று மட்டும் சொன்னாள். நான் உள்ளே போகவில்லை. வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்து ஒரு பிளேடு கேட்டேன். ஓரத்தைப் பிரித்தேன். சாயங்கால வெயில் நன்றாக விழுந்தது. ஊசி குத்திவைத்த ஓரத்தில் இல்லை. பஞ்சை விரல்விரலாகத் தடவிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் ஓட்டிய தையலை அறுத்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் அறுத்தும் கிடைக்கவில்லை. விரலில் பிளேடு பட்டது. மஞ்சள் துணியில் ரத்தம் பட்டது.

ஏறக்குறைய நடுவில் இருந்தது. வேட்டிக்கும் பஞ்சுக்கும் இடையில், நூல்கூட இல்லாமல், படுக்கைவாட்டில். அவன் முதுகு படுகிற இடம். இவ்வளவு தூரம் எப்படி நகர்ந்து வந்தது என்று தெரியவில்லை. நகர்ந்திருக்கிறது என்றால் இந்த இரண்டு நாளும் அவனுக்குக் கீழேதான் நகர்ந்திருக்கிறது.

உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அக்கா மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இருந்துச்சா சித்தி?"

இல்லை, நான்தான் எண்ணுவதில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நிம்மதியாகியிருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் சொன்ன சாயப் பொய்யும் அப்படித்தான் வந்தது.

"இருந்துச்சும்மா" என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அக்கா வந்து என் விரலுக்குத் துணி சுற்றிக் கட்டினாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைக் கடையில் வாங்கிய பூத்துவாலையில் சுற்றியிருந்தார்கள். என் மடியில் வைக்க வந்தபோது, எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் வாங்கவில்லை. சளியெல்லாம் இல்லை. மற்ற போர்வைகளைக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். காணாமல் போன ஊசி கிடைத்துவிட்டது என்று தெரிந்தும் போனேன். வளவனூரில் என் சிநேகிதி பேசாமல் போர்வையை எடுத்து விரித்தாள். சிரிக்காமல் இருந்ததற்கு அவளுக்கு நன்றி.

பிப்ரவரியில் அக்கா மகள் சென்னையில் தன் கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது, அந்தப் போர்வை என்னவாயிற்று என்று கேட்டாள். துண்டுதுண்டாகக் கிடக்கிறது என்றேன்.

"தெச்சுக் குடுங்க சித்தி. செவுத்துல மாட்டிக்கிறேன்."

மறுபடி தைத்தேன். இந்த முறை ஒரே ஊசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். ரத்தம் பட்ட சதுரத்தை மாற்றிவிட்டு, முடித்த பிறகு காந்தத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இப்போது அது அவர்கள் வீட்டு ஹாலில் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. பையன் இப்போது ஓடியாடுகிறான். கட்டில்மேல் ஏறி நின்று அதைப் பிடித்து இழுக்கிறானாம். அவனுடைய படம் வரும்போதெல்லாம் பெரிதாக்கி, முதலில் அவன் கைகளைத்தான் பார்க்கிறேன்.