அப்பா ஏறினால் நிற்கும் லிஃப்ட்

கேள்வியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது அலுவலகம். எதைச் சொன்னாலும் "யார் சொன்னா?" என்று கேட்காமல் விடமாட்டார். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சிப் சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

அவருடைய வேலை என்ன என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் கணவரை யாராவது கேட்டால், "லிஃப்டுக்கு மூளை செய்யறாங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வார். அதில் தப்பில்லை. லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அதன் இயங்குதளத்தில் ஆக அடியில் இருந்துகொண்டு இயந்திரத்தோடு நேருக்கு நேர் பேசும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். லிஃப்டின் தரையில் எடை மாறினாலும், கதவுப் பொத்தானை அழுத்தினாலும், கரண்ட் போகப் பார்த்தாலும், அந்தந்தச் சாதனம் கெர்னலைக் கூப்பிடும். கூப்பிட்டது யார் என்று நடுவில் இருக்கும் ஒரு சிப் எண்ணாகச் சொல்லும். எடை என்றால் ஒன்று, கதவுப் பொத்தான் என்றால் நான்கு, கரண்ட் போகிறது என்றால் ஐந்து. எண் வந்ததும் கெர்னல் கையில் இருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அந்த எண்ணுக்கு உரிய வேலையைச் செய்ய ஓடும். அந்த ஓட்டத்தை எழுதியவர் கேள்வியக்கா. எழுதிய பெருமையில் முதல் பெட்டியைத் தன் குடியிருப்பு லிஃப்டிலேயே மாட்டச் சொல்லி, எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சம்மதமும் வாங்கினார். வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

ஏனென்றால் லிஃப்ட் நின்றது. அதுவும் யார் ஏறினாலும் நிற்கவில்லை. கேள்வியக்காவின் அப்பா ஏறினால் மட்டும் நின்றது.

அப்பா பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். வீடு ஏழாவது மாடி. சாயங்காலம் ஆனால் சட்டை மாற்றிக்கொண்டு கீழே போய், வாசல் பக்கத்து மேசையில் கேரம் ஆடுவார். ஆட்டத்தைவிட வாய்தான் அதிகம் ஆடும். அவர் நாற்காலியோடு லிஃப்டுக்குள் நுழையும்போது திடீரென்று விளக்கு அணையும், விசிறி நிற்கும், கதவு பாதியில் உறையும். பிறகு யாராவது மொட்டை மாடிக்குப் போய்ப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். நாலைந்து தடவை இப்படி ஆனதும் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியவரின் ராசி அப்படி என்றார்கள். அவர் வருவதைப் பார்த்தால் செருப்பில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் குனிந்து நின்று, அவரைத் தனியாக முன்னால் போகவிட்டார்கள்.

ஒருநாள் அப்பா கீழே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றார். கேரம் சட்டை தேய்த்தபடி ஆணியில் தொங்கியது.

"வலியெல்லாம் இல்ல, சும்மா சொல்றாரு" என்றார் கணவர். ஒருநாள் மாமனாரை முதுகில் சுமந்தே படியிறங்கினார். அதற்கப்புறம் இரண்டு நாள் மாவுப் பலகை முன்னால் நிமிர முடியாமல் நின்றார். அந்த வழியும் அடைபட்டது.

இந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் செயலாளர் கதவைத் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. சங்கடத்தில் நெளிந்துகொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. லிஃப்டுக்கு வீல்சேர் ஒத்துக்கல போலிருக்கு. வீல்சேர் ஏத்த வேணாம்னு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"அவர் எப்படிங்க கீழ போவாரு?"

செயலாளர் மிதியடியைப் பார்த்தார். உள்ளே அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான். ஆயுள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை, தான் எழுதிய நிரல் ஒரு லிஃப்டில் ஏறவிடாமல் செய்கிறதே என்று கேள்வியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அலுவலகத்தில் அவர் முதலில் தன் நிரலைத்தான் குடைந்தார். கரண்ட் போகும்போது லிஃப்டைப் பூட்டும் பகுதி அது. வரி வரியாகப் படித்தார், பிரித்துக் கோத்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஐந்து என்று எண் வந்தது, ஐந்துக்கு உரியதைச் செய்தது. பிறகு சண்டைக்குப் போனார். சிப் உட்கார்ந்திருக்கும் மின்பலகையை வடிவமைத்தவர் அடுத்த அறையில் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் பற்றவைக்கிற ஈயக் கம்பிச் சுருள் வைத்திருப்பதால் அவருக்கு ஈயம் என்று பெயர்.

"என் போர்டு சுத்தமா இருக்கு. உங்க புரோகிராமைப் பாருங்க" என்றார் ஈயம்.

"பாத்துட்டேன். அஞ்சு வருது, அதனால பூட்டுது."

"அஞ்சுன்னு யார் சொன்னா?"

"சிப்பு சொல்லுது."

"சிப்பு சொன்னா நம்பிடுவீங்களா? மழை பெய்யுதுன்னு நான் சொன்னா மட்டும் கையை நீட்டிப் பாக்கறீங்க."

கேள்வியக்காவுக்குச் சுருக்கென்றது. தன் கேள்வியைத் தன் மேலேயே திருப்பிவிட்டானே மனிதன் என்று கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இருவரும் கம்பியில் வரும் மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவியோடு குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் போய், கரண்டைக் காவல் காக்கும் கம்பியில் அதை மாட்டிவிட்டார்கள். அன்று கேள்வியக்கா அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒருமுறை லிஃப்டில் ஏற வைத்தார். லிஃப்ட் வழக்கம்போல் நின்றது. ஆனால் திரையில் அந்தக் கம்பியின் கோடு அசையவே இல்லை. ஐந்து கூப்பிடவில்லை. ஆனாலும் சிப் ஐந்து என்று சொல்லியிருக்கிறது.

சிப் பொய் சொல்கிறது என்பது தெரிந்தது. எப்போது சொல்கிறது என்பது தெரியவில்லை. அலுவலகத்தில் இன்னொரு பெட்டியை மேசை மேல் வைத்து ஒவ்வொரு பொத்தானாக மரியாதையாக அழுத்திப் பார்த்தார்கள். அதுவும் மரியாதையாகச் சரியான எண்ணையே சொன்னது.

விடை வீட்டில் குளியலறை வாசலில் கிடைத்தது. அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ஜாதி. அப்பா கைத்தடியின் முனையால் கதவை அழுத்திப் பிடித்தபடியே நாற்காலியை நிலைப்படியில் ஏற்றினார். சக்கரம் தடக் தடக்கென்று குதித்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த கேள்வியக்கா நுரை வாயோடு அப்படியே நின்றார்.

"அப்பா, லிஃப்ட்லயும் இப்படித்தான் ஏறுவீங்களா?"

"வேற எப்படி? கதவு மூடிக்கும்ல. பொத்தானைத் தடியால அமுக்கிக்கிட்டேதான் ஏறணும்."

மற்றவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், பிறகு ஏறுவார்கள். அப்பா மட்டும்தான் இரண்டையும் சேர்த்துச் செய்தார். அழுத்திப் பிடித்த பொத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சக்கரம் குதிக்கக் குதிக்கத் தரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே நொடியில் மோதினால், சிப் ஒருவரை நிறுத்திவைத்து ஒருவரைச் சொல்ல வேண்டும். இந்தச் சிப் இருவரையும் ஒன்றாகப் போட்டுச் சொன்னது. அது எண்ணைச் சொல்வது மூன்று விளக்குகளால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்றால் முதல் விளக்கு எரியும், நான்கு என்றால் மூன்றாவது எரியும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் அது ஐந்து. பாவம் கெர்னல், கரண்ட் போகிறது என்று பதறி லிஃப்டைப் பூட்டிக்கொண்டது.

அலுவலகத்தில் கேள்வியக்கா இரண்டு கையாலும் பொத்தானையும் எடை பார்க்கும் தட்டையும் சேர்த்துத் தட்டினார். பெட்டி உடனே அணைந்தது. ஈயம் கைதட்டினார். தன் பலகையில் இருக்கும் சிப்பின் குற்றத்துக்குக் கைதட்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

சிப்பைச் செய்த நிறுவனம், அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் போட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதுவரை காத்திருக்காது. ஆகவே கேள்வியக்கா கெர்னலுக்குத் தன் குணத்தைக் கற்றுக்கொடுத்தார். எந்த எண் வந்தாலும் இனி அது நேரே ஓடாது. ஒவ்வொரு சாதனத்தையும் தட்டி, நீயா கூப்பிட்டாய் என்று கேட்கும். ஆமாம் என்றவருக்கு மட்டும் வேலை நடக்கும்.

"கேட்டுக்கிட்டே இருந்தா நேரமாகாதா?" என்றார் ஈயம்.

"நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஆயிரம் தடவை கேட்டுடும்."

நிஜமாகவே மின்சாரத்தைப் பிடுங்கியும் பார்த்தார்கள். அப்போது ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. பிறகு புது நிரலைக் குடியிருப்பு லிஃப்டில் ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் தரைத்தளத்தில் கூடியிருந்தார்கள். ஏழாவது மாடியில் அப்பா லிஃப்ட் வாசலில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். கேரம் சட்டையை வற்புறுத்திப் போட வைத்திருந்தார் மகள்.

"வேணாம்மா. நான் ஏறினா நின்னுடும். எல்லார் எதிர்லயும் உனக்குத்தான் அசிங்கம்."

"உங்க மேல தப்பே இல்லப்பா. நீங்க அப்படி ஏறலன்னா அந்தச் சிப்பு பொய் சொல்றது யாருக்குமே தெரிஞ்சிருக்காது. எப்பவும் ஏறற மாதிரியே ஏறுங்க."

அப்பா தடியால் பொத்தானை அழுத்தினார். சக்கரம் தடக் தடக்கென்று குதித்தது. கேள்வியக்கா பின்னாலேயே ஏறிக்கொண்டார். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ள, லிஃப்ட் இறங்கியது.

கீழே கதவு திறந்தபோது செயலாளர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கேரம் கூட்டாளிகள் எழுந்துவிட்டார்கள். அப்பா வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அந்த விளக்கையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடியால் பொத்தானை அழுத்திப் பிடித்தார். இத்தனை நாளும் செருப்பைச் சரிசெய்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"ஏறுங்க, ஏறுங்க. உள்ள இடம் இருக்கு. நான் இருந்தா நிக்காது."

முதலில் ஏறியவர் செயலாளர். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். கேள்வியக்கா மூலையில் ஒடுங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா தடியை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலாம், ரைட்."