கீழ்வீட்டு அன்ரியின் வாழ்க்கைக் குறிப்பு

நாங்கள் மொன்றியலில் ரொக்ஸ்பரோ என்ற இடத்தில் மேல்மாடி ஒன்றில் வாடகைக்கு இருந்த காலத்தில், கீழ்வீட்டில் வேல்ஸ் நாட்டு நடிகை ஒருவர் தனியாக இருந்தார். அவர் நடிகை என்பது எங்களுக்கு நெடுநாள் தெரியாது. குப்பைப் பையை வெளியே வைக்க வரும்போதும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகிற வயதான வெள்ளைக்காரப் பெண், அவ்வளவுதான். அன்ரி என்று கூப்பிட்டோம்.

ஒரு பின்னேரம் அம்மா தொலைக்காட்சியில் பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆஸ்பத்திரித் தலைமைத் தாதி ஒருத்தி எல்லோரையும் அதட்டிக்கொண்டு நடந்தாள். "இது கீழ்வீட்டு மனிசியின்ர குரலெல்லே?" என்றார் அம்மா. முகத்தைவிட அந்தக் குரல் அம்மாவுக்கு நன்றாகப் பழகியிருந்தது. எங்கள் வீட்டில் சூடான காற்று வரும் துவாரம் தரையில் இருந்தது. கீழே தும்மினாலும் அதன் வழியே மேலே கேட்கும். நாங்கள் கத்தினாலும் கீழே கேட்கும் என்று அம்மா எங்களை அடிக்கடி அடக்குவார்.

செய்தி சித்தப்பாவின் காதுக்குப் போனதுதான் தாமதம். அவர் எங்களுடன்தான் இருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அதிகம் கதைக்காதவர். ஆனால் அந்த வருடம் எங்கள் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் பிரதம விருந்தினரைப் பிடித்துத் தரும் பொறுப்பு அவரிடம் இருந்தது. கேட்ட இரண்டு டொக்டர்மாரும் நேரமில்லை என்றுவிட்டார்கள்.

சித்தப்பா வடையும் என்னையும் கொண்டு கீழே இறங்கினார். மொழிபெயர்க்க நான். யாரைக் கண்டாலும் அம்மாவின் பின்னால் ஒளிகிற பிள்ளை நான். இருந்தும் வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

வேல்ஸ் என்றால் இங்கிலாந்துதானே என்று சித்தப்பா கேட்கச் சொன்னார். கேட்டேன். அன்ரி தேநீர்க் கோப்பையைச் சத்தமாக வைத்தார். சித்தப்பாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"விளங்குது, விளங்குது. எங்களை இந்தியாவோ எண்டு கேக்கிற மாதிரி. இங்கிலீசில சொறி எண்டு சொல்லு."

அதன் பிறகு அன்ரி தன் கதையைச் சொன்னார். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வீட்டில் வேல்ஸ் மொழிதான். சின்ன வயதில் தேவாலயத்தில் பாட்டு ஒப்புவித்துப் பரிசு வாங்கியதில் ஆசை பிடித்து, ஒரு நாடகக் குழுவுடன் பழைய வான் வண்டியில் ஊர் ஊராகப் போயிருக்கிறார். பிறகு லண்டன் மேடைகள், பிறகு தொலைக்காட்சி. தலைமைத் தாதியாகப் பல வருடம் நடித்தார். புதிய தயாரிப்பாளருக்கு இளம் முகங்கள் வேண்டியிருந்ததால் ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாதியை மாடிப்படியால் விழுத்திக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் கதவைத் திறந்துவிடும் வேடங்கள். கணவர் மொன்றியல்காரர் என்பதால் இங்கே வந்து சேர்ந்தார். அவரும் இப்போது இல்லை. மகள் கர்க்லாண்டில் இருந்தாள்.

விழாவுக்கு வரச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை. சும்மா வந்து உட்காரமாட்டார். தன்னுடைய மொழியில் ஒரு சின்னக் காட்சி நடிக்க விட வேண்டும். சுரங்கம் இடிந்த நாளில் வாசலில் மகனுக்காகக் காத்து நிற்கும் தாய். ஐந்து நிமிடம் போதும். மேடை ஏறி எவ்வளவோ காலமாகிவிட்டது என்றார்.

"ஐஞ்சென்ன, பத்து நிமிசம் குடுக்கலாம் எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் துவாரத்தின் வழியே ஒரு மெல்லிய குரல் வந்தது. ஒரு வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லும். நிற்கும். மறுபடி தொடங்கும். "பாவம் மனிசி, தனிய இருந்து கதைக்குது," என்றார் அம்மா. நாடகம் பழகுகிறார் என்று நான் விளக்கியும் அம்மாவின் இரக்கம் குறையவில்லை.

விழா ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நடந்தது. ஆறு மணிக்கு அங்கே பிங்கோ விளையாட்டு இருந்ததால் அதற்கு முன் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் விழா வழக்கம்போலப் பிந்தித் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பிள்ளைகளின் நடனம், பாட்டு நாடா சிக்கியதால் அதே நடனம் மறுபடியும். அன்ரி முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். மடியில் ஒரு பையில், தாய் வேடத்துக்கான கறுப்புச் சால்வை. நான் பக்கத்தில்.

ஒருவழியாகச் சித்தப்பா விருந்தினரை அறிமுகம் செய்ய எழுந்தார். தாளைப் பார்த்து நாலு வரி வாசித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதன்பின் அவரிடமிருந்து வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுரங்கத்திலிருந்து முகம் கறுத்து வரும் தகப்பனாக நடந்து காட்டினார். பழைய வான் வண்டியைத் தள்ளிக் காட்டினார். தாதியாகி, முன்னால் இருந்த சங்கத் தலைவரை அதட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் அன்ரிக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் என் கையைத் தொட்டு, வேண்டாம், எனக்கு விளங்குகிறது என்றார். கடைசியில் சித்தப்பா மாடிப்படியால் விழுந்தார். மெய்யாகவே மேடையில் விழுந்து கிடந்தார். பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அன்ரி எழுந்து நின்று தட்டினார்.

அதற்குள் பிங்கோ விளையாட வந்த பெண்கள் தடித்த கோட்டுகளுடன் வாசலை நிறைத்துவிட்டார்கள். மண்டபக் காவலாளி சாவிக் கொத்தை ஆட்டி, "மெர்சி, பொன்சுவா" என்று பிரெஞ்சில் விடைகொடுத்துக்கொண்டே மேடை விளக்கை அணைத்தார். அவசரமாக அன்ரியை மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். இறங்கும்போது கையில் ஒரு தட்டில் சாப்பிட ரோல்ஸ் கொடுத்தார்கள். கறுப்புச் சால்வை பையைவிட்டு வெளியே வரவில்லை.

காரில் பாதி வழி வந்த பிறகுதான் சித்தப்பாவுக்கு அது உறைத்தது.

"கடவுளே, அவவின்ர நாடகம். பிள்ளை, நான் மறந்துபோனன் எண்டு சொல்லு. மன்னிக்கச் சொல்லிக் கேள்."

சொன்னேன். அன்ரி பொன்னாடையுடன் முன் இருக்கையில் இருந்தார். உன் சித்தப்பா கடைசியாக எப்போது மேடை ஏறினார் என்று கேள் என்றார்.

கேட்டேன். சித்தப்பா காரை ஓட்டியபடி முன்கண்ணாடியில் பனி துடைக்கும் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க மேடை ஏறினது? அப்பிடி ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

ஒருபோதும் இல்லையாம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. அன்ரி திரும்பிச் சித்தப்பாவை நன்றாகப் பார்த்தார். சிரித்தார்.

ஊர்க் கோயில் திருவிழா நாடகத்தில் வருடா வருடம் ராஜா வேடம் கட்டியவர் சித்தப்பா என்பதை, நான் பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் கறி கிண்டிக்கொண்டே அம்மா சொன்னார். கடைசி வருடம் உடுப்புத் தைத்து முடிந்திருந்ததாம். நாடகம் நடக்கவில்லை, அந்தக் கிழமைதான் அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டார்.

விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் துவாரத்தின் வழியே மறுபடியும் அந்தக் குரல் வந்தது. முன்பு போல் மெல்லிதாக இல்லை. எங்கும் நிற்கவில்லை, திரும்பத் தொடங்கவில்லை. பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்பது போல, ஒரே மூச்சில் ஏறி வந்தது. சித்தப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் துவாரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். முடியும்வரை அவர் குடிக்கவில்லை.

விழா முடிந்துவிட்டதே, இனி ஏன் பழகுகிறார் என்று கேட்டேன். சித்தப்பா வாயில் விரலை வைத்தார்.

அன்ரிக்கு எங்கள்மேல் கோபம், அதனால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.