பட்டறையிலிருந்து வந்த தாம்பூலம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் தாம்பூலத் தட்டோடு வந்தார். பெண் கேட்டு அல்ல. ரயில் பட்டறையில் வேலை செய்யும் என் மகனைச் சங்கத்தின் சார்பில் வெள்ளைக்காரத் துரையிடம் பேசும் ஆளாகக் கேட்டு வந்திருந்தார். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் யாரையும் நிறுத்துவதில்லையாம்.

கொதிகலன் அடித்தே காது மந்தமான மனிதர். அகன்ற கரிய முகம். நாம் பேசினால் உள்ளங்கையைக் காதில் குவித்துச் சிரிப்பார்.

“முடியாதுங்க,” என்றேன்.

“என்ன சொல்றீங்க, கிராணி ஐயா?” குமாஸ்தாவான என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“முடியாது! போன தடவை பேசின பையனைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்களே!”

“சத்தமா சொல்லுங்க, கேக்கல.”

தொண்டை கம்மும்வரை கத்தினேன். அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி மெல்ல, “எங்களுக்கு ஒத்தப் புள்ளைங்க,” என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. “கப்பலேறினவனும் ஒத்தப் புள்ளதாம்மா. அவனைத் திருப்பிக் கேக்கத்தான் ஆள் வேணும்.”

மகன் எழுந்து போய்த் தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அது நடந்து பத்து நாளாகிறது. நாளைக் காலை துரையைப் பார்க்கப் போகிறான்.

என் மனைவி முணுமுணுத்தது கேட்ட காதுக்கு நான் கத்தியது ஏன் கேட்கவில்லை? வழியில் பார்க்கும்போதெல்லாம் அவரிடம் கேட்கிறேன். அவர் உள்ளங்கையைக் காதில் குவிக்கிறார்.